விருது மேடை ஏறிய மயில்கள்

நடந்தவை, நடந்த வரிசையில்:

1. ஆடி மாதம் அப்பாவும் அத்தையும் படவேட்டு அம்மன் கோயிலுக்குப் போயிருந்தபோது, ஆரணியில் எங்கள் வீட்டுத் தறியில் அட்டைச் சரத்தின் கயிறு அறுந்தது.
2. அம்மா அதைக் கழற்றி, தைத்து, மறுபடி மாட்டினாள்.
3. அப்போது தறியிலிருந்த புடவையைப் பட்டு முதலாளி பழுது என்று ஒதுக்கினார். அடுத்த புடவைக்குத் தறியில் ஏற்றும் பாவு நூல் தரவில்லை.
4. ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், தொலைக்காட்சியில் பெரிய சினிமா விருது விழா. சிறந்த துணை நடிகை அதே புடவையைக் கட்டிக்கொண்டு மேடை ஏறினார்.
5. மறுநாள் முதலாளி எங்கள் வீட்டுக்கு வந்தார்.

வரிசையில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஒன்றிலிருந்து அடுத்தது எப்படி வந்தது என்பதில்தான் குழப்பம். அப்போது நான் நான்காம் வகுப்பில் இருந்தேன். குழப்பத்துக்கு அதுவே காரணம் என்று வெகுநாள் நினைத்திருந்தேன்.

முதலில் அட்டைச் சரம். எங்கள் தறிக்கு மேலே துளையிட்ட அட்டைகள் ஒன்றோடொன்று கோக்கப்பட்டு மாலைபோலத் தொங்கும். ஒவ்வொரு அட்டையும் மயிலின் ஒரு வரி. வரிசையாகச் சுற்றினால் வாலில் தொடங்கித் தலையில் முடியும் மயில் கரையில் வரும். பிறகு சிறு இடைவெளி, பிறகு அடுத்த மயில். எல்லா மயில்களும் ஒரே திசை பார்த்து நடக்கும். சரத்தைத் தலைமாற்றி மாட்டிவிட்டால் அட்டைகள் பின்னாலிருந்து சுற்றும். அதன்பின் வரும் மயில்களெல்லாம் எதிர்த்திசை பார்க்கும்.

இதை நெய்கிறவர் கவனிக்க மாட்டாரா என்று தறி பார்க்காதவர்கள் கேட்பார்கள். நெய்ததெல்லாம் உடனுக்குடன் முன்னாலிருக்கும் உருளையில் சுருண்டுவிடும். கண்ணெதிரே இருப்பது ஒரு சாண் துணி. அதுவும் நல்ல பக்கம் கீழே இருப்பதால், அடியில் ஒரு கண்ணாடியைப் பிடித்துத்தான் பார்ப்பார்கள். கண்ணாடியில் தெரிவது ஒரே ஒரு மயில். அது எந்தப் பக்கம் பார்த்தாலும் அழகாகத்தான் இருக்கும். படவேட்டிலிருந்து திரும்பிய அப்பா அப்படியே உட்கார்ந்து மீதிப் புடவையை நெய்து முடித்தார். முதலாளி கடையில் விரித்தபோதுதான், பாதி மயில்கள் வருவதும் மீதி மயில்கள் போவதுமாக இருந்தது தெரிந்தது.

அதன்பிறகு வீட்டில் ஒரே சண்டை.

"ரெண்டு நாளு ஊர்ல இல்ல. அதுக்குள்ள இந்த அசிங்கத்த பண்ணி வெச்சிகிற" என்பார் அப்பா.

"வந்து ஒக்காந்து நெய்ஞ்சது யாரு? நானா?" என்பாள் அம்மா.

"முதலாளிகிட்ட இன்னான்னு சொல்றது? பொம்பள கை பட்டுச்சுன்னா?"

"தாராளமா சொல்லுங்க."

அவர் சொல்லியும் விட்டார். பலன் இல்லை. தினமும் காலையில் முதலாளி கடை வாசலில் போய் நிற்பார். "அப்பறம் பாக்கலாம்பா" என்ற பதிலோடு திரும்புவார். தீபாவளிக்குக்கூடப் பாவு வரவில்லை. நூல் ஏறாத தறி வீட்டில் பாதி இடத்தை அடைத்துக்கொண்டு நின்றது. அப்பா அக்கம்பக்கத்துத் தறிகளுக்குப் பாவு பிணைக்கப் போனார். அம்மா அடுத்த வீட்டுக்காரர்களுக்குத் தார் சுற்றினாள். தறியில் குறுக்கே ஓடும் நாடாவுக்குள் வைக்கும் சின்னக் குழல்களில் பட்டு நூலைச் சுற்றும் வேலை அது. ராட்டையின் சத்தம் மட்டும் நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டிருக்கும்.

விருது விழா அன்றும் அந்தச் சத்தத்தோடுதான் பார்த்தோம். பக்கத்து வீட்டிலிருந்து அத்தை அவித்த வேர்க்கடலையோடு வந்துவிட்டாள். எங்கள் தெருவில் சினிமா பற்றிக் கடைசித் தீர்ப்பு சொல்லும் உரிமை அத்தைக்கு இருந்தது. அவள் பார்த்த படங்கள் குறைவு. அது அவளைத் தடுத்ததில்லை.

சிறந்த நடிகர் மேடைக்கு வந்தார். "இவனுக்கா? படம் பூரா கருப்புக் கண்ணாடி போட்டுகினு சுத்தனான். நடிச்சானா தூங்கனானா, யாருக்குத் தெரியும்?" என்றாள் அத்தை.

"நடிச்சதுக்கா குடுக்கறாங்க? வந்ததுக்குக் குடுக்கறாங்க" என்றாள் அம்மா, ராட்டையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

எனக்கு எல்லாமே தாறுமாறாகத் தெரிந்தது. சிறந்த வில்லன் தன் மகளை நினைத்து அழுதார். சிறந்த நகைச்சுவை நடிகர் ஒரு முறையும் சிரிக்கவில்லை. பரிசு கிடைக்கும் என்று நான் அந்த வருடம் மிகவும் நம்பியிருந்த பாட்டை எழுதியவர் மேடையில் கால் வைத்ததும் விளம்பரம் போட்டுவிட்டார்கள். திரும்பி வந்தபோது அவர் இறங்கிக்கொண்டிருந்தார். பரிசு பெற்றாரா என்பதுகூட எனக்கு உறுதியாகத் தெரியவில்லை.

சிறந்த இயக்குநர் பெயரை வாசித்தார்கள். வேறு ஒருவர் ஏறி வாங்கிக்கொண்டார். இயக்குநர் வெளிநாட்டில் ஷூட்டிங்கில் இருக்கிறாராம்.

"அப்ப யாரு அத்த ஜெயிச்சது? பேரு வந்தவரா, வாங்கனவரா?" என்று கேட்டேன்.

"பேரு வந்தவருதான். இவரு சும்மா வாங்கினு போயி குடுப்பாரு."

"குடுக்கலைன்னா?"

"கடல துன்னு" என்றாள் அத்தை.

அடுத்து சிறந்த துணை நடிகை. அந்தப் படத்தில் அவர் அக்காவாக வந்து, பாதியில் இறந்துபோவார். "படத்துல செத்தா போதும், குடுத்துருவாங்க" என்று அத்தை ஆரம்பித்தாள். அப்போதுதான் ராட்டைச் சத்தம் நின்றது.

நடிகை ஒலிவாங்கியின் முன்னால் நின்றார். கேமரா அவர் முகத்துக்குக் கிட்டே போனது. அவருடைய இடது தோளில், கருநீலப் புடவையின் கரையில், இரண்டு ஜரிகை மயில்கள் மூக்கும் மூக்கும் ஒட்டாத குறையாக ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நின்றன.

"இன்னா அண்ணி, ஏன் எழுந்துட்டீங்க?"

"தோளப் பாரு."

"பாத்தேன். நல்லாத்தான் கீது."

"நம்ம பொடவ."

அத்தை சிரித்தாள். "சும்மா இருங்கண்ணி. அதெல்லாம் மெட்ராஸ்ல பெரிய கடையில எடுத்திருப்பாங்க."

"எங்கனா எடுக்கட்டும். ஊர்ல வேற யாரு தறியில இந்த அசிங்கம் நடந்துச்சு?" என்ற அம்மா அப்பாவைப் பார்த்தாள்.

அப்பா எழுந்து தொலைக்காட்சிக்கு அருகில் போய்க் குனிந்தார். நடிகை நன்றி சொல்லிக்கொண்டிருந்தார். இயக்குநருக்கு, ஒளிப்பதிவாளருக்கு, அம்மாவுக்கு, கடவுளுக்கு, வீட்டில் காத்திருக்கும் நாய்க்குட்டிக்கு.

"போதும்மா, கொஞ்சம் திரும்பு, முந்தானைய பாக்கலாம்" என்றாள் அம்மா, திரையிலிருந்த நடிகையிடம்.

அவர் திரும்பவில்லை. விளம்பரம் வந்துவிட்டது.

மறுநாள் முதலாளி வந்தார். எங்கள் வீட்டில் அவர் உட்கார்ந்து நான் பார்த்தது அதுவே முதல் தடவை. பழுது என்று ஒதுக்கிய புடவைகளை மொத்தமாகச் சென்னைத் தரகர் ஒருவருக்குத் தள்ளிவிட்டிருக்கிறார். அங்கிருந்து அது எப்படி நடிகை வீட்டுக்குப் போனதென்று அவருக்கும் தெரியவில்லை. காலையிலிருந்து போன் மேல் போன் வருகிறதாம். எல்லாருக்கும் தோளில் இரண்டு மயில் நிற்கும் அந்தப் புடவைதான் வேண்டுமாம். அவருக்குப் பின்னாலேயே கடை ஆள் புதுப் பாவோடு நின்றார். முதலாளி கையில் ஒரு பொன்னாடை இருந்தது.

"தை முகூர்த்தத்துக்குள்ள வேணும்பா. அதே மாதிரி, அதே எடத்துல. முடியாதுன்னா சொல்லிடு, வேற தறிக்குக் குடுத்துடறேன்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "அது சரி, யாரு யோசனப்பா அது?" என்று கேட்டார்.

அம்மா காபித் தம்ளரோடு சமையலறை வாசலில் நின்றிருந்தாள்.

"நாந்தாங்க முதலாளி" என்றார் அப்பா.

மூன்று மாதமாக யாருடையது என்று சண்டை போட்ட தப்பு. தன்னுடையது இல்லவே இல்லை என்று அவர் முதலாளியிடமே சொன்ன தப்பு. இப்போது தானாகவே போய் அதை எடுத்துக்கொண்டார். முதலாளி பொன்னாடையைப் பிரித்து அவருக்குப் போர்த்தினார். எனக்கு அதில் ஒரே ஒரு விளக்கம்தான் தோன்றியது. முந்தைய நாள் விருது விழாவில்தான் அதைக் கற்றிருந்தேன்.

"அப்பா, நீங்க அம்மாவுக்குப் பதிலா வாங்கினீங்களா?"

முதலாளி சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை. "உள்ள போயி படி" என்றார்.

"ஆமாடி, நா வெளிநாட்டு ஷூட்டிங்குல கீறேன்" என்று சொல்லிவிட்டு, அம்மா காபியை முதலாளி முன்னால் வைத்தாள்.

பாவு ஏறியது. வீட்டில் மறுபடி தறிச் சத்தம் கேட்டது. தோள் வரும் இடம்வரை எல்லாம் ஒழுங்காகப் போயிற்று. அங்கே அப்பா சரத்தைக் கழற்றித் தலைமாற்றி மாட்டினார். நெய்து, கண்ணாடியைப் பிடித்துப் பார்த்தார். நான் அவருடைய தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தேன். கண்ணாடியில் இரண்டு பக்கமும் வால் வைத்த ஒன்று தெரிந்தது. அதற்குத் தலை இல்லை.

அதைப் பிரித்தார். வேறு அட்டையிலிருந்து தொடங்கினார். இந்த முறை இரண்டு கழுத்துகள் ஒன்றாக ஒட்டி, ஒரு மயில் இன்னொன்றை விழுங்குவதுபோல வந்தது. அதையும் பிரித்தார். பட்டைத் திரும்பத் திரும்பப் பிரித்தால் நூல் பிசிறு தட்டும். அந்த இடத்தில் ஏற்கெனவே பளபளப்பு குறையத் தொடங்கியிருந்தது. மறுநாள் முதலாளி ஆளை அனுப்பிப் பார்ப்பார் என்பது எல்லாருக்கும் தெரியும். தெரு முனையிலேயே காலித் தறியோடு இரண்டு பேர் காத்திருந்ததும் தெரியும்.

அம்மா கைக்கெட்டும் தூரத்தில்தான் தார் சுற்றிக்கொண்டிருந்தாள். ஒரு தடவைகூட நிமிரவில்லை.

"நீ சொல்லும்மா" என்றேன்.

"யோசன பண்ணவரு கீறாரு இல்ல? அவரு பாத்துப்பாரு."

அப்பா தறிக்குழியிலிருந்து எழுந்தார். அம்மாவின் எதிரில் போய் நின்றார். ஏதோ சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். "டீ குடிச்சிட்டு வரேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போனார்.

அவர் தெருவைத் தாண்டியதும் அம்மா ராட்டையைத் தள்ளிவைத்தாள். முக்காலியில் ஏறினாள். சரத்தைக் கழற்றி, அட்டைகளை மடமடவென்று தள்ளிக்கொண்டே போய், ஓரிடத்தில் நிறுத்தினாள். எண்ணவில்லை. மறுபடி பார்க்கவில்லை. தலைமாற்றி மாட்டிக் கயிற்றைக் கட்டிவிட்டு, இறங்கிப் பழையபடி தார் சுற்ற உட்கார்ந்துவிட்டாள்.

அப்பா திரும்பி வந்தார். மேலே பார்த்தார். உட்கார்ந்து நெய்தார். வெகுநேரம் கழித்துக் கண்ணாடியை எடுத்து அடியில் பிடித்தார். இரண்டு மயில்களும் நடுவில் சிறு இடைவெளி விட்டு ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நின்றன.

"சாப்பாடு ஆயிடுச்சா?" என்று கேட்டார்.

"ஆயிடுச்சி. ஜல்தி வாங்க, ஆறிடும்" என்றாள் அம்மா.

சண்டை முடிந்துவிட்டது என்று எனக்கு நிம்மதி. அம்மா கெட்டிக்காரி, அப்பாவுக்கு உதவி செய்தாள், தறி ஓடுகிறது. அந்த வயதில் நான் புரிந்துகொண்டது அவ்வளவுதான்.

இப்போது பெங்களூரில் மென்பொருளைச் சோதிக்கும் வேலையில் இருக்கிறேன். ஒரு பிழை வந்தால், அது எந்தப் படியில் பிறந்தது என்று தேடி, திரும்ப வரவழைத்துக் காட்டவேண்டும். தற்செயலாக ஒரு முறை வந்துபோன பிழையை அப்படி வரவழைப்பதற்குள் வாரங்கள் போய்விடும். பலமுறை தவறான இடத்தில் தேடுவோம், அப்பா தேடியதைப்போல. போன உடனே கை வைத்து, எண்ணாமல், முதல் முறையிலேயே ஒருவர் அதைக் கொண்டுவந்தார் என்றால், அவருக்கு அந்த இடம் முன்பே தெரியும். அறுந்த கயிற்றைத் தைத்து மாட்டும் அவசரத்தில் தலைமாறிய சரம் மயிலின் கழுத்தில் நின்றிருக்கலாம், வயிற்றில் நின்றிருக்கலாம். அது இரண்டு மயில்களுக்கு நடுவிலுள்ள இடைவெளியில் நின்றது. அதுவும் கட்டுகிறவரின் தோளில் வரும் இடத்தில். இது எனக்கு உறைப்பதற்கு வேலையில் சேர்ந்து ஒரு வருடம் ஆனது.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது கேட்டேன். "அன்னிக்கு நீ தெரிஞ்சேதான் திருப்புனியாம்மா?"

அம்மா என்னைப் பார்த்தாள். பிறகு பக்கத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த அப்பாவைப் பார்த்தாள். அவர் பக்கத்தைப் புரட்டவே இல்லை.

"அதெல்லாம் இப்ப இன்னாத்துக்கு? பஸ்ஸுக்கு நேரமாவுது, பைய எடுத்து வெய்யி" என்றாள்.

ஆக, இன்றைய நிலை இது. தோள் மயில் புடவை ஆரணியில் பல தறிகளில் ஓடுகிறது. அது அப்பாவின் யோசனை என்றுதான் ஊர் சொல்கிறது. அம்மா அதைத் திருத்தவில்லை. எங்கள் தறியில் அந்தப் புடவை ஏறும்போதெல்லாம், சரத்தைத் திருப்பவேண்டிய இடம் நெருங்கியதும், அப்பா எழுந்து டீ குடிக்கப் போய்விடுகிறார்.