கண்ணை மூடிச் சொன்ன பதிகம்

மனப்பாடமான பதிகத்தைத் தோட்டத்து லயத்து வீட்டின் சுவருக்கே எத்தனை காலம் சொல்வது? இன்று தேயிலைக் கொழுந்து நிறுக்கும் வரிசையில் நின்று சத்தமாகவே சொல்லிவிட்டேன்.

வெட்கத்தில் கண்ணை இறுக மூடியிருந்தேன். உடம்பெல்லாம் நடுங்கியது.

கண் திறந்தால், சுற்றிலும் பெண்கள் கும்பிட்டு நிற்கிறார்கள். எனக்குச் சாமி வந்துவிட்டதாம்! ஒருத்தி மடியிலிருந்த திருநீற்றை எடுத்து என் நெற்றியில் அப்பினாள்.

பக்கத்து வீட்டுச் செல்லம்மாக்கா என் காலைப் பிடித்துக்கொண்டார்.

"ஆத்தா, ஒப்பந்தம் போட்டுட்டாங்களாமே, இலங்கைய விட்டு எங்கள இந்தியாவுக்கு அனுப்பிருவாங்களா? புள்ளைங்கள இங்கயே நிப்பாட்டிருவாங்களா?"

"அக்கா, நான் மீனாட்சி. பதிகம்தான் சொன்னேன்."

"அப்ப அதுல என்னா சொல்லியிருக்குன்னு சொல்லு."

காலை விடவே இல்லை. என் வீட்டிலும் இதே கேள்விதான்.

என் பதிகத்தைக் கேட்க ஆளில்லை என்று அழுதவள் நான். இப்போது வரிசையே காத்திருக்கிறது. பதில் தெரிந்தவர்கள் முன்னால் வாருங்கள். நான் மறுபடி கண்ணை மூடிக்கொள்கிறேன்.