ரூபவதியக்கா என்னிடம் சொல்லாதது

சீமெண்ணெய் வாங்க வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். ஆஸ்பத்திரி வார்டில் வேலை பார்க்கும் அந்தோணி சைக்கிளை நிறுத்தி, ரூபவதியக்கா காலையில் போய்விட்டார் என்று சொன்னார். "சரி" என்றேன். வரிசையை விட்டு நகரவில்லை. என் முறை வந்து, எண்ணெயை வாங்கிக்கொண்டுதான் வீட்டுக்குப் போனேன். இதைப் பெருமையாகச் சொல்லவில்லை. சாவுச் செய்தி கேட்டதும் ஓடுகிற தெம்பு இப்போது காலில் இல்லை, அவ்வளவுதான்.

அக்காவை அறிந்த உங்களுக்கு அவர் யார் என்று சொல்ல வேண்டியதில்லை. அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் ஆஸ்பத்திரியில் நோயாளிகளின் பெயரைப் பதியும் மேசை என்னுடையது. அதற்கு அடுத்த சின்ன அறை அவருடையது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் தொடக்கத்தில் மதராசில் சமூக சேவைப் படிப்பு படித்துவிட்டு வந்தார். மருந்துக்கு அடங்காத தலைவலிக்காரர்கள், சோறு இறங்காத பெண்கள், குடித்துவிட்டு அடிக்கிற புருஷன்மார், பேச்சற்றுப் போன குடும்பங்கள் என்று டாக்டர்கள் கைவிட்டவர்களெல்லாம் அந்த அறைக்குத்தான் வருவார்கள். அவர் கொஞ்சம் பேசுவார், நிறையக் கேட்பார். வைத்தியம் அதுதான். "எத்தனை குடும்பத்தச் சேத்து வச்ச அம்மா" என்று மூன்று நாட்களாக எல்லாரும் என்னிடம் சொல்கிறார்கள். கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. அக்கா இருந்து கேட்டிருந்தால் அவருக்கும் அலுத்திருக்கும்.

அவருக்கு ஒரு முறை இருந்தது. முதலில் ஒவ்வொருவராகத் தனியே பார்ப்பார். பிறகு கணவன் மனைவியை ஒன்றாக. கடைசியில்தான் வீடு முழுவதையும். எல்லாரும் கூடும்போது வயதில் சிறியவர் முதலில் பேச வேண்டும், பெரியவர் கடைசியில். பூட்டுப் பட்டறை வைத்திருந்த ஒருவர் தன் குடும்பத்தோடு வந்தார். சின்ன மருமகள் வாய் திறந்ததுமே அவர் எழுந்துவிட்டார்.

"நேத்து வந்தவ பேச, நான் வாயப் பொத்திக்கிட்டு இருக்கணுமா?"

"நீங்க முதல்ல பேசிட்டா, பொறவு இங்க யாரு வாயத் தொறப்பா? செத்த நேரம் உக்காருங்கய்யா."

உட்கார்ந்தார். இரண்டு மாதத்தில் சின்ன மகனும் மருமகளும் தனி வீடு பார்த்துப் போனார்கள். அவர் ஆஸ்பத்திரிக்கே வந்து, குடும்பத்தைப் பிரித்துவிட்டாயே என்று வராந்தாவில் நின்று ஏசினார். அக்கா முழுவதையும் கேட்டுவிட்டு, ஆறிப்போன காப்பியை எடுத்துக்கொண்டு என் மேசைக்கு வந்தார். "சேத்து வைக்கிறது என் வேல இல்ல தம்பி. அவங்களுக்கு என்ன வேணும்னு அவங்க வாயால சொல்ல வைக்கணும். அம்புட்டுத்தான்" என்றார்.

பகல் முடிவதற்குள் அவர் முகம் வாடிவிடும். சில நாள் என் மேசையில் வந்து தலையைச் சாய்த்துக்கொள்வார். "காது வலிக்குது தம்பி. நீங்களும் ஒண்ணும் சொல்லாதீங்க" என்பார். நானும் நோட்டைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பேன்.

பிறகு எங்களுக்கே அந்த அறை தேவைப்பட்டது. எங்கள் மகன் மூன்று வயதில் காய்ச்சலில் போனான். முதல் நாள் உடம்பு கொதித்தபோதே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போகலாம் என்று என் மனைவி கமலம் சொன்னாள். நான்தான் தடுத்தேன். தினம் எத்தனையோ காய்ச்சலை நோட்டில் எழுதுகிறவன், எனக்குத் தெரியாத காய்ச்சலா என்ற நினைப்பு. மறுநாள் தூக்கிக்கொண்டு ஓடியபோது நேரம் கடந்திருந்தது. காரியம் முடிந்ததும் கமலம் தாடிக்கொம்பில் அவள் அப்பா வீட்டுக்குப் போய்விட்டாள்.

நான்கு செவ்வாய்க்கிழமைகள் அவள் மட்டும் பஸ் ஏறி வந்து அக்காவைப் பார்த்தாள். ஐந்தாவது செவ்வாய் எங்கள் இருவரையும் உட்கார வைத்தார். இருவரும் பேசவில்லை. அக்கா வற்புறுத்தவும் இல்லை. அடுத்த வாரம் கமலம் பெட்டியோடு வீட்டுக்கு வந்து அடுப்பைப் பற்ற வைத்தாள்.

"என்னையப் பத்தி என்னக்கா சொன்னா?" என்று மறுநாளே கேட்டேன்.

"அவ உங்க வீட்டுலதான இருக்கா தம்பி. அவளையே கேளுங்க."

அவளைக் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. பிள்ளை போனதற்கு நான்தான் காரணம் என்று சொன்னாளா, இல்லையா? பதினோரு வருஷம் அக்காவிடமே கேட்டுக்கொண்டிருந்தேன். ஒரு தரம் கோபமாகவே கேட்டேன், பக்கத்து மேசைக்காரன் என்ற உரிமைகூட எனக்கு இல்லையா என்று. "பக்கத்து மேசைங்கிறதுனாலதான் சொல்ல மாட்டேன்" என்றார். போகப் போக நானே ஒரு முடிவுக்கு வந்தேன்: அக்கா எனக்காகப் பரிந்து பேசி, அவள் மனதை ஆற்றி, அனுப்பி வைத்திருக்கிறார். ஊர் சொன்னதைத்தான் நானும் நம்பியிருக்கிறேன்.

அக்காவின் அடக்கம் முடிந்து நானும் கமலமும் நடந்தே வீட்டுக்கு வந்தோம். குளித்துவிட்டுத் தலையைத் துவட்டிக்கொண்டே கமலம் சொன்னாள்: "இனிமே அவங்களக் கேக்க முடியாது. என்னையக் கேளுங்க."

கேட்டேன்.

"உங்கள மன்னிக்க முடியலன்னு சொன்னேன். நாலு வாரமும் அதத்தான் சொன்னேன். மன்னிக்க வேண்டாம்னாங்க. மன்னிக்காமலே அந்த வீட்டுல இருக்க முடியுதான்னு பாரு, முடியலன்னா வந்துரு, உனக்கு ஒரு வேல பாத்துத் தாரேன், நான் இருக்கேன்னாங்க. அதுனாலதான் வந்தேன்."

எனக்கு முதலில் அக்கா மேல் கோபம்தான் வந்தது. இத்தனை வருஷம் பக்கத்து அறையில் இருந்துகொண்டு, என் மனைவி போவதற்கு ஒரு வழியையும் வைத்துக்கொண்டு, என்னோடு காப்பி குடித்திருக்கிறார். அந்தக் கோபத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளவும் எனக்குத் தெம்பில்லை.

"இப்பவாவது மன்னிச்சிட்டியா?" என்றேன்.

கமலம் துண்டைக் கொடியில் போட்டாள். "இன்னும் இல்ல. இருக்கேன்ல" என்றாள்.

அஞ்சலி எழுதுகிறவர்கள் போனவரிடமிருந்து தங்களுக்கு மிஞ்சியது என்ன என்று கடைசியில் சொல்வார்கள். என்னை மன்னிக்காத ஒருத்தி, எப்போது வேண்டுமானாலும் போகலாம் என்று தெரிந்தே, பதினோரு வருஷமாக என்னோடு இருக்கிறாள். ரூபவதியக்கா எனக்கு விட்டுப்போனது அவளைத்தான்.