பால் திரிந்த வாரம்

போன வாரம் எங்கள் வீட்டுக் குழாயில் நகராட்சிக்காரர்கள் மீட்டர் வைத்துவிட்டுப் போனார்கள். மறுநாள் காலையில் தண்ணீர் வருமுன் குழாய் புஸ்ஸென்று காற்று விட்டது. மீட்டர் அந்தக் காற்றுக்கே சுற்ற ஆரம்பித்தது. சொட்டுத் தண்ணீர் விழவில்லை. நான் அதன் முன்னால் குந்தி உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். தண்ணீர் வீணாகக் கூடாது என்றுதான் மீட்டர் வைக்கிறார்கள் என்று என் மகன் பாடம் எடுத்தான். இருக்கலாம். ஆனால் நான் ஆம்பூர்க்காரி. சந்தேகம் எனக்குப் பிறவிக் குணம்.

காற்று நின்று தண்ணீர் விழுந்ததும் குளோரின் வாடை தூக்கலாக வந்தது. அந்த வாடை வந்தால் போதும், எனக்கு அம்மாவின் டீக்கடை ஞாபகம் வந்துவிடும். தோல் பதனிடும் ஷாப்பு ஒன்றின் கேட்டுக்கு எதிரே கடை. சுண்ணாம்பும் ஈரத்தோலும் கலந்த நாற்றம் எப்போதும் அடிக்கும். எங்களுக்கு அது நாற்றம் என்று வெளியூர்க்காரர்கள் மூக்கைப் பொத்தும்போதுதான் தெரியும். நான் அப்போதுதான் ஷூ கம்பெனியில் தையலுக்குச் சேர்ந்திருந்தேன். வேலைக்குப் போகுமுன் கடையில் கிளாஸ் கழுவிக் கொடுப்பேன். அப்பா இல்லை. என் சம்பளம் பேருக்குத்தான் சம்பளம். கடை நடந்தால்தான் வீட்டில் அடுப்பு எரியும்.

எங்கள் பக்கத்தில் ஒரு பழக்கம் உண்டு. புது இடத்தில் தண்ணீர் கொடுத்தால் ஒரு வாய் எடுத்து நாக்கில் நிறுத்திப் பார்த்துவிட்டுத்தான் விழுங்குவோம். பெண் பார்க்கப் போய்விட்டுத் திரும்பும்போது பஸ்ஸில் முதலில் பேசுவது பெண்ணைப் பற்றி இல்லை, அந்த வீட்டுத் தண்ணீரைப் பற்றி. ஊரில் தோண்டிய இடமெல்லாம் உப்பாகிவிட்டால் வேறென்ன செய்வது? குழாய்த் தண்ணீர் மட்டும் ஆற்றுத் தண்ணீர் என்பதால் அதன் மேல் எங்களுக்குச் சந்தேகம் வந்ததில்லை. சந்தேகம் எல்லாம் பால்காரர் ஏழுமலை மேல்தான்.

ஏழுமலை பாலாற்றோரத்து ஊர் ஒன்றிலிருந்து சைக்கிளில் பால் கொண்டுவருவார். அம்மா தினமும் கேனுக்குள் விரலை விட்டு எடுத்து, சொட்டு எப்படி விழுகிறது என்று பார்ப்பாள். அவரும் தினமும் சிரிப்பார். ஒரு கோடையில், ஷாப்பு ஆட்கள் டீக்குக் காத்திருந்த நேரத்தில், பால் பொங்கி வரும்போதே திரிந்துபோனது. மறுநாளும் அப்படியே. காத்திருந்தவர்கள் அடுத்த கடைக்கு நகர்ந்தார்கள். அம்மா ஏழுமலையை நடுத்தெருவில் நிறுத்தினாள்.

"இன்னா தண்ணிப்பா ஊத்தற பால்ல?"

மனுஷன் பொய் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "ஊத்துறேன்க்கா. இல்லன்னு சொல்லல. ஆனா எங்க கெணத்து தண்ணிதான் ஊத்துறேன். அது இனிக்கும்க்கா."

எங்கள் தெருவுக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்? திருடனே ஒப்புக்கொண்டாயிற்று. அம்மா நாளையிலிருந்து வராதே என்றாள். தெருவில் ஒவ்வொரு வீடாக அவரை நிறுத்திவிட்டது. நானும் நன்றாக வேண்டும் என்றுதான் நினைத்தேன்.

வேறொருவரிடம் பால் வாங்கினோம். அதுவும் திரிந்தது. உலகமே களவாணி என்று அம்மா முடிவுகட்டிவிட்டாள். என் கண் மட்டும் தேவராஜ் மேல் இருந்தது. அவர் எங்கள் பகுதிக்குத் தண்ணீர் திறந்துவிடும் நகராட்சி ஆள். வால்வைத் திறந்துவிட்டு நேராகக் கடைக்கு வருவார், பால் தூக்கலாக ஒரு டீ குடிப்பார், காசு தரமாட்டார். அம்மாவும் கேட்கமாட்டாள், எங்கள் தெருவுக்குத் தண்ணீர் கொஞ்சம் ஜாஸ்தி நேரம் வரும். அப்படிப்பட்டவர் அந்த வாரம் முழுக்க வரக்காபி கேட்டார். ஓசியில் குடிக்கிற ஆள் பாலை வேண்டாம் என்றால் அதில் ஏதோ இருக்கிறது. அம்மாவின் காதில் போட்டேன்.

மறுமுறை அவர் வந்ததும் அம்மா பால் டீயைக் கொண்டுபோய் அவர் முன்னால் வைத்தாள். அவர் தொடவில்லை. அம்மா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "ஆத்துல ஊத்து கம்மியாயிடுச்சிக்கா. டேங்க்ல போர் தண்ணி கலக்குறாங்க. வெளிய சொல்லாதன்னு உத்தரவு."

டீக்குப் பால் காய்ச்சும்போது நாங்கள் கலந்த குழாய்த் தண்ணீர்தான் பாலைத் திரித்திருந்தது. உப்பு நாக்குக்குத் தெரியாதபடி குளோரின் வேறு அள்ளிப் போட்டிருந்தார்கள். அம்மா திரிந்த பாலை ஒரு டம்ளரில் எடுத்துக்கொண்டு நகராட்சி ஆபீசுக்கே போய், இந்தத் தண்ணீருக்கும் அதே வரியா என்று கேட்டாள். அங்கிருந்தவர் டம்ளரைப் பார்க்கக்கூட இல்லை. "வரி கொழாய்க்குமா. தண்ணிக்கு இல்ல" என்றார். தண்ணீர்க் கட்டணத்தை இத்தனை தெளிவாக எனக்கு இதுவரை வேறு யாரும் விளக்கியதில்லை.

அதன்பிறகு மாட்டுவண்டியில் வரும் நல்ல தண்ணீரை விலைக்கு வாங்கி டீ போட்டோம். கடை பிழைத்துக்கொண்டது. ஆனால் அம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னையும் இழுத்துக்கொண்டு ஏழுமலையின் ஊருக்குப் போனாள். மூன்று மாடு கட்டுகிற கொட்டகையில் ஒரு மாடுதான் நின்றது. ஏழுமலை எங்களை உட்காரவைத்து, சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அம்மா அதை நாக்கில் நிறுத்திப் பார்க்கவில்லை. அண்ணாந்து ஒரே மூச்சில் குடித்து முடித்தாள். அவள் அப்படிக் குடித்து நான் பார்த்ததே இல்லை. பிறகு, நாளைலேர்ந்து பால் கொண்டுவாப்பா என்று தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

அவர் குரலில் கோபம் இல்லை. "வேணாக்கா. இன்னொரு நாளு திரியும். அன்னிக்கும் மொதல்ல என் மூஞ்சியத்தான் பாப்பீங்க."

அவர் சொன்னது உண்மை. அம்மா பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அழுதாள். எனக்கும் வெட்கமாக இருந்தது.

மிச்சமிருந்த மாட்டையும் விற்றுவிட்டு அவர் கட்டட வேலைக்குப் போய்விட்டதாகப் பிறகு கேள்விப்பட்டோம். அந்தக் கிணறும் பின்னாளில் உப்பாகி, இப்போது குப்பை கொட்டி மூடிவிட்டார்கள். அம்மாவும் இல்லை, கடையும் இல்லை. பால் பாக்கெட்டில் வருகிறது, தண்ணீர் கேனில் வருகிறது, இரண்டின் மேலும் சுத்தம் என்று அச்சடித்திருக்கிறது. தண்ணீர் ஊற்றுகிறேன் என்று முகத்துக்கு நேராகச் சொல்ல எங்கள் ஊரில் ஒருத்தர் இருந்தார். அவரைத்தான் வராதே என்று சொன்னோம்.