மாவட்ட எல்லையைத் தாண்டிய பாட்டு

ஓய்வு பெற்ற பிறகும் என்னிடம் ஆட்கள் வருகிறார்கள். நான் அகதிகளுக்கு மொழிபெயர்ப்பாளனாக இருந்தவன். ஜேர்மனியில் எந்த அலுவலுக்கு எந்தக் கந்தோர், அதில் எந்தக் கதவு என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. இதைப் பெரிய ஞானம் என்று சொல்ல மாட்டேன். வேறு பொழுதுபோக்கு வாய்க்கவில்லை.

சென்ற பனிக்காலத்தில் பக்கத்துத் தெருப் பெண்மணி வந்தார். மருத்துவமனைச் சமையலறையில் வேலை செய்பவர். இருக்கச் சொன்னேன், இருக்கவில்லை.

"அண்ணை, அந்தப் பாட்டுத் திரும்ப வந்திட்டுது."

விஷயம் தெரிந்த இரண்டு மூன்று பேரில் நானும் ஒருவன். தொண்ணூறுகளில் அவர் அகதி முகாமில் இருந்தார். குளியலறையில் அவர் பாடுவதைக் கேட்ட முகாம் காவலாளி, தன் மைத்துனரின் ஒலிப்பதிவுக் கூடத்துக்குக் காரில் கூட்டிப் போனார். அது அடுத்த மாவட்டம். தஞ்சம் கேட்டவர்கள் அனுமதியில்லாமல் மாவட்ட எல்லையைத் தாண்டக் கூடாது என்பது அன்றைய சட்டம். தாண்டவிடாமல் பார்ப்பவர்தான் தாண்ட வைத்தார். அங்கே இவர் ஒரு பாட்டுப் பாடிக் கொடுத்தார். பிடிபட்டால் தஞ்ச வழக்குப் பாழாகிவிடும் என்று பயந்து, "என்ரை பேர் மட்டும் போடாதேங்கோ" என்று கெஞ்சிவிட்டு இவர் முகாமுக்குத் திரும்பினார்.

பாட்டு ஊர் ஊராகப் போனது. நாட்டுக்கு நாடு விற்பனைப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. மேடையில் பொன்னிறக் கூந்தல்காரி ஒருத்தி வாயசைத்தாள். யூரோடான்ஸ் என்ற அந்தத் துள்ளல் பாட்டு உலகில் அது சாதாரணம். அந்தக் குரல் விசா இல்லாமல் உலகம் சுற்றியபோது, குரலுக்குச் சொந்தக்காரி பக்கத்து ஊர்ச் சந்தைக்குப் போக அனுமதி கேட்டு வரிசையில் நின்றார்.

"இப்ப பிள்ளையளின்ரை போனெல்லாம் அதுதான் ஓடுது. ஆரின்ரை குரல் எண்டு ரேடியோவிலை தேடுறாங்கள். மகள் சொல்லு சொல்லு எண்டு நிக்கிறாள். எனக்கும் ஆசைதான். சொன்னால் பாஸ்போட்டைப் பறிப்பாங்களோ?"

"நீர் இப்ப இந்த நாட்டுப் பிரசை. அந்தக் குற்றமெல்லாம் எப்பவோ காலாவதியாப் போச்சு."

"நீங்கள் சொன்னாப் போதாது அண்ணை. வெளிநாட்டவர் கந்தோரிலை கேக்கவேணும். டேர்மின் எடுத்துத் தாங்கோ."

தன்னைத் தானே காட்டிக்கொடுக்க முன்பதிவு கேட்ட ஒரே ஆள் இவராகத்தான் இருப்பார். எடுத்துக் கொடுத்தேன், கூடவும் போனேன். காஞ்சிபுரம் சேலை கட்டி வந்திருந்தார், தீர்ப்புக் கேட்கப் போகிறவர் போல.

அதிகாரி ஒரு பெண், நாற்பத்தைந்து வயதிருக்கும். இவர் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார். அந்த அம்மா கணினியைக் கூடத் தொடவில்லை. ஜேர்மன் குடிமக்களுக்கு இந்த அலுவலகத்தில் வேலையே இல்லை, போகலாம் என்றார். "எங்கள் பொறுப்பல்ல" என்ற பதிலை ஆயுள் முழுக்க மொழிபெயர்த்திருக்கிறேன். அதைக் கேட்டு ஒருவர் முகம் மலர்ந்ததை அன்றுதான் பார்த்தேன்.

நாங்கள் எழும்பும்போது அதிகாரி குரலைத் தாழ்த்தி, பள்ளிக்கூட விழாவில் தான் ஆடிய பாட்டு அது, ஒரு வரி பாட முடியுமா என்று கேட்டார்.

இவர் என் பக்கம் திரும்பினார். "அண்ணை, கந்தோருக்குள்ளை பாட அனுமதி இருக்கோ?"

"இதுக்கு மட்டும் விதி ஒண்டுமில்லை. பாடும்."

பாடவில்லை. "முதல் ரேடியோவுக்குச் சொல்லிப்போட்டு வாறன்" என்று நடைபாதைக்குப் போனார். கதவு திறந்தே இருந்தது. தொலைபேசியில் யாரோ பெயர் கேட்டிருக்க வேண்டும். தகப்பன் பெயரையும் சேர்த்து, நீளமான தன் முழுப்பெயரை, கட்டடம் முழுக்கக் கேட்கும்படி எழுத்தெழுத்தாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.