அட்டையால் மறைத்த பெயர்கள்

லண்டன் ரெய்னர்ஸ் லேனில் பெரிய சூப்பர்மார்க்கெட் வந்தால் எங்கள் தமிழ்க் கடை மூடப்படும் என்று, அந்தக் கடை வாசலிலேயே நின்று கவுன்சிலுக்கான மனுவில் கையெழுத்து வாங்கினார் ஒருவர். மடிப்புக் கலையாத சட்டை, காதில் செருகிய பேனை. ஏற்கெனவே வைத்தவர்களின் பெயர்களை அட்டையால் மறைத்தே தாளை நீட்டுவார்.

"ஏன் அண்ணை மறைக்கிறியள்?"

"ஆர் வைச்சதெண்டு பாத்துத்தானே எங்கட சனம் வைக்கும். கோயில் நிர்வாகத்தில ரெண்டாப் பிரிஞ்ச சண்டை இதுக்குள்ளயும் வரும்."

"கடை முதலாளி வைச்சிட்டாரோ?"

"முதல்ல நீங்கள் வையுங்கோ."

வைத்தேன்.

"முதலாளி கடையை அந்தச் சூப்பர்மார்க்கெட் கம்பனிக்கே விக்கப் பேசுறாராம்," என்றார்.

"அப்ப ஆருக்காக இந்த மனு?"

"மெல்லக் கதையுங்கோ தம்பி, அடுத்த ஆள் வருது."

அந்தக் கையெழுத்து வாங்கியவர் யாருடைய ஆள் என்று இன்றும் எனக்குத் தெரியாது.