ஓடுபாதை அருகே திரும்பிய விமானம்

உலு யாமிலிருந்து நானும் கணவரும் நிறைமாதமாக இருந்த மகளைப் பார்க்கக் கோத்தா கினபாலுவுக்குக் கிளம்பினோம். விமானத்தில் ஏறி உட்கார்ந்ததும் மருமகன் கைப்பேசியில் கூப்பிட்டு, அவளுக்கு வலி கண்டுவிட்டதாகச் சொன்னார்.

ஓடுபாதையை நெருங்கிய விமானம் திடீரென்று நின்றது. பிறகு மெதுவாகத் திரும்பியது. விமானத்தை மேலே எழுப்பும் வால் பகுதிப் பலகைகள் தாம் இயக்கும்போது சரியாக அசையவில்லை என்று விமானி அறிவித்தார். எல்லாரும் இறங்க வேண்டுமாம்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. "கொஞ்சம் பாத்து ஓட்டிட்டுப் போனா ஆகாதா? பிள்ள நம்மளத் தேடுவாளே!" என்று கணவரிடம் புலம்பினேன்.

அவர் லோரி ஓட்டுபவர். "ஸ்டேரிங் சரியில்லன்னா நான் லோரிய ரோட்டுல இறக்குவேனா? மேல போனப்புறம் எங்க லா ஓரங்கட்டுறது?" என்றார். அப்போதுதான் எனக்கு ஆபத்து உறைத்தது; பையை எடுத்துக்கொண்டு எழுந்தேன்.

விமான வாசலில் அந்த விமானி நின்றிருந்தார். சின்ன வயதுதான். சிலர் திட்டிக்கொண்டே இறங்கினார்கள். அவர் ஒவ்வொருவரிடமும் மன்னிப்புக் கேட்டார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

வேறு விமானத்தில் போய்ச் சேர்ந்தபோது பேத்தி பிறந்திருந்தாள். "பக்கத்துல இல்லாமப் போயிட்டேனேம்மா" என்றேன். "இப்ப வந்துட்டீங்கல்ல, அது போதும் மா" என்று குழந்தையை என்னிடம் நீட்டினாள் மகள்.

வீட்டிலிருந்து யார் கிளம்பினாலும் "சீக்கிரம் வா" என்பது என் வழக்கம். இப்போது, "மெதுவாவே வா" என்று சொல்லி அனுப்புகிறேன்.