பிரம்மஸ்தானத்தில் ஒழுகிய ஏசி

இன்று காலை என் தங்கச்சி நிச்சயதார்த்தத்தில் மழை. மண்டபத்துக்கு உள்ளே!

அடி அண்ணாமலைப் பக்கம் புதிதாகத் திறந்த மண்டபம். ஏசி வேலை முழுக்க நான்தான் செய்தேன். அந்த உரிமையில் முதல் விசேஷமே எங்களுடையது. (பெருமை வேறு!)

ஹால் முழுக்கப் பளபளவென்று மெட்டல் சீலிங். ஏசி, லைட் ஒயர், தீயணைப்புக் குழாய் எல்லாம் அதற்கு மேலேதான் ஓடுகின்றன. ஏசித் தண்ணீர் வெளியேறும் குழாயில் தூசி அடைத்தால் கைவிட்டுச் சுத்தம் செய்ய, நடுவில் திறக்கிற மாதிரி ஒரு கதவு வைத்திருந்தேன்.

திறப்பு விழாவுக்கு முன்னால் வாஸ்துக்காரர் வந்தார். அண்ணாந்து பார்த்தார்.

"நடு ஹாலு பிரம்மஸ்தானங்க. அங்க ஓட்ட இருந்தா எதுவும் தங்காது. மூடிடுங்க!"

(பொய் சொன்னதற்காகப் பிரம்மாவுக்குக் கோயிலே கிடையாது என்று தீர்ப்பான ஊர் இது. சீலிங்கில் மட்டும் இடம் ஒதுக்கிவிட்டார்கள்!)

"அண்ணே, ஏசி தண்ணி அடைச்சிக்கினா எங்க தொறக்கறது?" என்று மண்டப ஓனரைக் கேட்டேன்.

"நல்லதே பேச மாட்டியாப்பா நீ?"

அவ்வளவுதான். நான் இல்லாத நேரத்தில் ஆளை வைத்துக் கதவை ஸ்குரூ அடித்து, சுற்றிலும் சிலிக்கான் பூசி, கோடுகூடத் தெரியாமல் மூடிவிட்டார்.

இன்று அதே நடு ஹாலில் ஜமக்காளம் விரித்து இரண்டு வீட்டாரும் உட்கார்ந்தோம். தட்டு மாற்றக் கையில் எடுக்கும் நேரம்.

சொட்!

நேராகக் குங்குமத்தில்.

அடுத்தடுத்து விழ, குங்குமம் கரைந்து தட்டில் ஓடியது. மாப்பிள்ளையின் அம்மா சாதாரண ஆள் இல்லை. ஒரு ஜோசியர் பொருத்தம் சொன்னால் நம்பாமல் ஊர் ஊராகக் கேட்டுவிட்டு வந்தவர். தங்கச்சிக்குக் கண் கலங்கிவிட்டது.

ஓனர் காதில் போனோடு ஓடிவந்தார்.

"பயப்படாதீங்கம்மா! வாஸ்துக்காரரையே கேட்டுட்டேன். மேலேர்ந்து தண்ணி எறங்கினா மகாலட்சுமியே எறங்கறாப்பலயாம்!"

அந்த அம்மா சீலிங்கைப் பார்த்தார். ஓனரைப் பார்த்தார்.

"அப்படீங்களா? அப்போ அந்த வாஸ்துக்காரரு வீட்டுக் கல்யாணத்தையும் இங்கயே வச்சிக்கச் சொல்லுங்க."

"இல்லீங்கம்மா, அவரு பொண்ணு கல்யாணத்துக்கு கீழ்பென்னாத்தூர்ல வேற மண்டபம் பேசிட்டாரு" என்றார் ஓனர், வெள்ளந்தியாக.

முதலில் சிரித்தது அந்த அம்மாதான்! அப்புறம் ஹாலே சிரித்தது.

"தட்ட இந்தாண்ட நகத்துங்க. வேற குங்குமம் எடுத்தாங்க. நல்ல நேரம் போவுது" என்றார் அவரே.

தட்டு மாறியது. தங்கச்சிக்கு உயிர் வந்தது.

கீழ்பென்னாத்தூர் நண்பர்களே, ஒரு சின்ன உதவி. அந்த மண்டபத்து சீலிங்கில், நடு ஹாலில், கதவு இருக்கிறதா என்று பார்த்துச் சொல்கிறீர்களா?